மைட்டோகாண்ட்ரிய மரபணுத்தொகையை வைத்து விலங்கை அடையாளம் காண்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விலங்கியல் படிக்கும் மாணவர்கள், வனத்துறையில் வேலை பார்ப்பவர்கள், மழைக்காலத்தில் தவளை தேடிக் கிளம்பும் நண்பர்கள் எனப் பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். மேலே சொன்னதைக் கீழே மறுபடி சொல்லாமல், எந்தப் பதிலைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் குறிப்பிட்டிருப்பதால், புதிதாக வருபவர்கள் வரிசையாகவே படிப்பது நல்லது.

1. மைட்டோகாண்ட்ரியா செல்லுக்குச் சக்தி குடுக்குற உறுப்புன்னுதானே படிச்சோம். அதுக்குள்ள தனியா டி.என்.ஏ. எப்படி வந்துச்சு?

மைட்டோகாண்ட்ரியாவின் மூதாதை ஒரு பாக்டீரியா. நூறு கோடி ஆண்டுகளுக்கும் வெகு முன்பு அது வேறொரு செல்லுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்டது. அதன் மரபணுக்களில் பெரும்பகுதி காலப்போக்கில் தொலைந்துபோயின, அல்லது உட்கருவுக்கு இடம்பெயர்ந்தன. மிஞ்சியிருப்பது ஒரு சிறு டி.என்.ஏ. வட்டம்; இதுதான் மைட்டோகாண்ட்ரிய மரபணுத்தொகை. பெரும்பாலான விலங்குகளில் அதன் நீளம் 15,000 முதல் 20,000 எழுத்துகள் வரை இருக்கும் (எழுத்து என்று நான் சொல்வது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு காரங்களை). அதில் 37 மரபணுக்கள்: 13 புரதங்களுக்கு, 22 டி.ஆர்.என்.ஏ.க்களுக்கு, 2 ரைபோசோம் ஆர்.என்.ஏ.க்களுக்கு (இந்த இருவகையும் புரதம் கட்ட உதவுபவை). இவை போக, எந்த மரபணுவும் இல்லாத கட்டுப்பாட்டுப் பகுதி ஒன்றும் உண்டு.

மனிதனின் வட்டத்தை 1981-இல் கேம்பிரிட்ஜில் ஃபிரெடெரிக் சாங்கரின் ஆய்வுக் குழு முழுதாகப் படித்து வெளியிட்டது: 16,569 எழுத்துகள். 1999-இல் அதே மாதிரியை மறுபடி படித்தபோது சில பிழைகள் தெரிந்தன. அதில் ஒன்று, ஓர் எழுத்து கூடுதலாக எண்ணப்பட்டிருந்தது. அதற்குள் உலகமே பழைய எண்களைப் பயன்படுத்திப் பழகிவிட்டதால், 3107-ஆம் இடத்தை வெற்றிடமாக விட்டு, மற்ற எண்களை அப்படியே வைத்துக்கொண்டார்கள். இன்றும் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

2. உட்கருவுல 300 கோடி எழுத்து இருக்கு. அதை விட்டுட்டு இந்தத் துளியூண்டு வட்டத்தை ஏன் பிடிச்சுத் தொங்குறீங்க?

முதல் காரணம் எண்ணிக்கை. ஒரு செல்லில் உட்கரு மரபணு ஒவ்வொன்றுக்கும் இரண்டு படிகள் (நகல்கள்) மட்டும்தான். மைட்டோகாண்ட்ரிய வட்டமோ நூற்றுக்கணக்கில் இருக்கும், தசை போன்ற திசுக்களில் ஆயிரக்கணக்கில். வேர் இல்லாத முடி, மட்கிய எலும்பு, காய்ந்த புழுக்கை, பழைய தோல் ஆகியவற்றில் உட்கரு டி.என்.ஏ. சிதைந்துபோன பிறகும் இந்த வட்டத்தின் துண்டுகள் மிஞ்சியிருக்க வாய்ப்பு அதிகம். அழிந்துபோன விலங்கு ஒன்றின் டி.என்.ஏ. முதன்முதலாகப் படிக்கப்பட்டது 1984-இல். தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த குவாகா என்ற வரிக்குதிரையின் தோல் ஜெர்மனியின் மைன்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்தது. சுமார் 140 ஆண்டு பழைய அந்தத் தோலிலிருந்து 229 எழுத்துகள் கிடைத்தன. அத்தனையும் மைட்டோகாண்ட்ரியாவுடையவை. கடைசிக் குவாகா ஆம்ஸ்டர்டாம் விலங்குக்காட்சிச் சாலையில் 1883-இல் இறந்து நூறாண்டு கழித்து, அது எந்தக் கிளையைச் சேர்ந்தது என்று இப்படித்தான் தெரியவந்தது.

இரண்டாவது, பாலூட்டி, பறவை போன்றவற்றில் இந்த வட்டம் உட்கருவைவிடப் பல மடங்கு வேகமாக மாறுகிறது. அண்மையில் பிரிந்த சிற்றினங்களுக்கிடையிலும் வித்தியாசம் சேர்ந்திருக்கும். மூன்றாவது, பெரும்பாலான விலங்குகளில் இது தாய் வழியாக மட்டும் வருகிறது, தந்தையினுடையதோடு கலப்பதில்லை. அதனால் வம்சாவளியைப் பின்னோக்கித் தொடர்வது எளிது. இந்த மூன்றாவது வசதியே பெரிய தொல்லையாகவும் மாறும். அதற்கு 13, 14-ஆம் பதில்களைப் பாருங்கள்.

3. டி.என்.ஏ. பார்கோடிங்னு சொல்றதும் இதுவும் ஒண்ணுதானே?

பார்கோடிங் என்பது இதில் ஒரு பகுதி. 2003-இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹீபர்ட்டும் அவர் குழுவினரும், வட்டத்தில் உள்ள சி.ஓ.1 என்ற மரபணுவின் ஒரே துண்டை, சுமார் 650 எழுத்துகளை, எல்லா விலங்குகளுக்கும் பொதுவான அடையாளக் குறியாக வைத்துக்கொள்ளலாம் என்று முன்வைத்தார்கள். எல்லோரும் ஒரே துண்டைப் படித்தால்தான் ஒப்பிட முடியும் என்பது அதன் பலம்.

நடைமுறையில் துறைக்குத் துறை பழக்கம் வேறு. தவளைக்காரர்கள் 16எஸ் ரைபோசோம் மரபணுவை விரும்புவார்கள். வன உயிரினக் குற்ற வழக்குகளில் சைட்டோகுரோம்-பி என்ற புரத மரபணு அதிகம். தண்ணீரிலிருந்து மீன் தேடுபவர்கள் 12எஸ் என்ற இன்னொரு ரைபோசோம் மரபணுவைப் பார்ப்பார்கள். முழு வட்டத்தையும் படித்துவிட்டால் இந்தத் தகராறே இல்லை. எல்லாத் துண்டும் அதற்குள் வந்துவிடும்.

4. ஒரு துண்டே பேரைச் சொல்லிடும்னா, முழுசாப் படிக்கிறது காசுக்குக் கேடு இல்லையா?

பிடிபட்ட இறைச்சி மானா ஆடா என்று தெரிந்தால் போதும் என்றால், ஆமாம், ஒரு துண்டே போதும். ‘இது யார்’ என்பது ஒரு கேள்வி. ‘இது யாருக்கு உறவு, எப்போது பிரிந்தது’ என்பது வேறு கேள்வி. 650 எழுத்துகளில் பழைய பிரிவுகளைத் தெளிவாகக் காட்டும் அளவுக்குத் தகவல் இல்லை. கிளைகளின் நம்பகத்தன்மை குறைவாக வரும், மரபணு மாறினால் வம்சாவளி மரமும் மாறும். 13 புரத மரபணுக்களைச் சேர்த்துப் பார்த்தால் 11,000 எழுத்துகளுக்கு மேல் கிடைக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. 37 மரபணுக்கள் வட்டத்தில் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன என்பதே ஒரு சான்று. கோழியின் வட்டத்தை 1990-இல் முழுதாக வெளியிட்டபோது, என்.டி.6 என்ற மரபணு பாலூட்டிகளில் இருக்கும் இடத்தில் இல்லாமல் கட்டுப்பாட்டுப் பகுதியை ஒட்டி இருந்தது தெரிந்தது. இத்தகைய இடமாற்றம் அரிதாக நடப்பது; ஒரே மாற்றத்தை இரண்டு குழுக்கள் பகிர்ந்துகொண்டால் உறவுக்கு வலுவான ஆதாரம். துண்டை மட்டும் படிப்பவருக்கு இது கண்ணில் படவே படாது.

5. காலேஜ் மியூசியத்துல ஃபார்மலின்ல ஊறுற பாம்பு, தவளை எல்லாம் இருக்கு. அதுல எடுக்க முடியுமா?

கடினம். ஃபார்மலின் டி.என்.ஏ.வைப் புரதத்தோடு பிணைத்து, துண்டாக்கி, எழுத்துகளையும் கெடுக்கிறது. பழைய எலும்புக்கு வகுத்த முறைகளைக் கொண்டு சில ஆய்வகங்கள் வெற்றி பெற்றிருக்கின்றன. சாதாரண ஆய்வகத்தில் எதிர்பார்க்க வேண்டாம். புதிதாக எடுக்கும்போது, ஃபார்மலினில் போடுவதற்கு முன்பே ஒரு சிறு திசுத் துண்டை 95 சதவீத எத்தனாலில் தனிக் குப்பியில் போட்டு, இரண்டுக்கும் ஒரே எண் எழுதுங்கள். எண்ணைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போட வேண்டும். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.

பறவைகளுக்கு ஓர் எச்சரிக்கை. ரத்தம் எடுப்பது வசதி என்று எல்லோரும் ரத்தமே எடுப்பார்கள். பறவையின் சிவப்பணுவில் உட்கரு உண்டு என்பதால் உட்கரு டி.என்.ஏ. அங்கே அளவுக்கு மீறி இருக்கும், மைட்டோகாண்ட்ரியா குறைவு. 10-ஆம் பதிலில் வரும் போலி வரிசைகள் (வரிசை என்பது படித்தெடுத்த எழுத்துத் தொடர்) மாட்டிக்கொள்ள இது நல்ல வாய்ப்பு. தசை கிடைத்தால் தசையே மேல்.

6. லேபுல படிப்படியா என்னதான் செய்றாங்க?

அரிசி மணி அளவு திசுவைப் புரதம் அரிக்கும் நொதியில் இரவு முழுக்க வெதுவெதுப்பாக ஊறவைத்து, கரைந்ததிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பார்கள். அதன் பிறகு வழிகள் பிரிகின்றன. ஒரு துண்டு மட்டும் வேண்டுமானால் பிரைமர் (துண்டின் இரு முனைகளிலும் ஒட்டும் குட்டி டி.என்.ஏ.) போட்டு பி.சி.ஆர். செய்து, அதாவது அந்தத் துண்டை மட்டும் பெருக்கி, சாங்கர் முறையில் படிப்பார்கள். ஒரு தடவைக்கு 700, 800 எழுத்துகள் தெளிவாக வரும்.

முழு வட்டம் வேண்டுமானால் இப்போது பெரும்பாலும் மொத்த டி.என்.ஏ.வையும் அப்படியே, குறைந்த ஆழத்தில், இல்லுமினா போன்ற கருவியில் ஓட்டுகிறார்கள். 150 எழுத்து நீளத்தில் லட்சக்கணக்கான துண்டுகள் வரும். உட்கருவின் பகுதிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் படிக்கப்பட்டிருக்கும். படிகள் அதிகம் என்பதால் மைட்டோகாண்ட்ரியா மட்டும் மறுபடி மறுபடி வந்திருக்கும். கிழித்துப்போட்ட கடிதத்தை ஓரம் பார்த்து ஒட்டுவது போல நோவோபிளாஸ்டி, கெட்ஆர்கனெல் ஆகிய மென்பொருள்கள் அத்துண்டுகளைச் சேர்த்து வட்டமாக்குகின்றன. தொடக்கமும் முடிவும் ஒன்றன் மேல் ஒன்று பொருந்தினால் வட்டம் மூடிவிட்டது என்று பொருள். நானோபோர் கருவியில் நல்ல நிலையில் உள்ள மாதிரியைப் போட்டால், 16,000 எழுத்தையும் ஒரே மூச்சில் படித்துவிடவும் முடியும். கடைசியாக, எந்த மரபணு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறிப்பது. மைட்டோஸ் என்ற இலவசக் கருவி முதல் வரைவைத் தரும். அதை அப்படியே நம்பாமல் ஒவ்வொரு எல்லையையும் கையால் சரிபார்க்க வேண்டும். மாணவர்கள் மிகவும் அவசரப்படும் இடம் இதுதான்.

7. வரிசையை ப்ளாஸ்ட்ல போட்டேன் சார், 99 சதவீதம் பொருந்துது. அப்போ அந்த சிற்றினம்தானே?

இந்தப் பக்கத்தை எழுதவே இந்தக் கேள்விதான் காரணம். ப்ளாஸ்ட் (வரிசைகளை ஒப்பிடும் இணையக் கருவி) சொல்வது, ‘பொதுச் சேமிப்பகத்தில் இருப்பவற்றில் உன் வரிசைக்கு மிக அருகில் இருப்பது இது’ என்பதை மட்டும். மேலே ஒட்டியிருக்கும் பெயர் சரியா என்று அது சொல்வதில்லை. ஜென்பேங்க் என்ற அந்தச் சேமிப்பகத்தில் பெயரைத் தருவது வரிசையைச் சமர்ப்பித்தவர். அவர் விலங்கைத் தவறாக அடையாளம் கண்டிருந்தால் தவறு அப்படியே அங்கே நிற்கும். அடுத்தவர் அதைப் பார்த்துத் தன் மாதிரிக்கும் அதே பெயர் வைப்பார். இப்போது தவறுக்கு இரண்டு சாட்சிகள்.

அதோடு, உங்கள் விலங்கின் உண்மையான சிற்றினம் சேமிப்பகத்தில் இதுவரை ஏறாமலே இருக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் பூச்சிகள், சிலந்திகள், மண்புழுக்களில் ஏறாதவையே அதிகம். அப்போது ப்ளாஸ்ட் அதன் ஒன்றுவிட்ட சொந்தத்தைக் காட்டும். ஆகவே சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை எழுத்து நீளத்துக்குப் பொருந்துகிறது, அந்தப் பதிவுக்கு அருங்காட்சியக மாதிரி எண் உண்டா, எந்த ஊரில் சேகரித்தது, அதே பெயரில் வேறு குழுவினர் தந்த வரிசைகளும் ஒத்துப்போகின்றனவா என்பவற்றைப் பார்த்துவிட்டுப் பெயரை எழுதுங்கள். மாதிரி எண் இல்லாத பதிவை நான் துணைச் சான்றாக மட்டுமே எடுத்துக்கொள்வேன்.

8. சரி, எத்தனை சதவீதம் வித்தியாசம் இருந்தா வேற சிற்றினம்? ஒரு நம்பர் சொல்லுங்க.

எல்லா விலங்குக்கும் பொருந்தும் எண் கிடையாது. சி.ஓ.1-இல் 2 அல்லது 3 சதவீதம் என்று பலரும் சொல்வது பட்டாம்பூச்சி, பறவை முதலியவற்றில் பார்த்த அனுபவக் கணக்கு. சட்டம் அல்ல.

ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் சிக்ளிட் மீன்கள் நூற்றுக்கணக்கான சிற்றினங்களாகப் பிரிந்திருக்கின்றன. தாடையும் நிறமும் உணவும் வேறுவேறு. 1990-இல் அவற்றில் 14 சிற்றினங்களின் மைட்டோகாண்ட்ரியாவைப் படித்தபோது, அத்தனையும் சேர்ந்தும் மனித இனம் ஒன்றுக்குள் இருப்பதைவிடக் குறைவான வேறுபாடுதான் இருந்தது. அண்மையில், மிக விரைவாகப் பிரிந்தவை என்பதால் எழுத்துகள் மாற நேரமே இல்லை. பவளங்களில் வேறு பிரச்சினை: அவற்றின் வட்டம் மிக மெதுவாக மாறுவதால் தெளிவாக வேறான சிற்றினங்களும் சி.ஓ.1-இல் ஒன்றுபோலவே இருக்கும். மறுபக்கம், சில நத்தைகளில் ஒரே சிற்றினத்துக்குள்ளேயே பெரிய வேறுபாடு காணலாம். நீங்கள் எடுத்துக்கொண்ட குழுவில், தெரிந்த சிற்றினங்களுக்குள்ளும் அவற்றுக்கிடையிலும் எவ்வளவு என்று முதலில் அளந்துவிட்டு, பிறகு உங்கள் மாதிரியை அங்கே பொருத்துங்கள்.

9. இதனால வகைப்பாடே மாறின கதை நம்ம பக்கம் ஏதாவது உண்டா?

உண்டு, அதுவும் நம் மாநில விலங்கிலேயே. நீலகிரி வரையாடு, இமயத்தின் தார், அரேபியாவின் தார் மூன்றையும் நீண்ட காலம் ஹெமிட்ராகஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். பாறைச் சரிவில் வாழும், குட்டைக் கொம்புள்ள, ஆட்டுச் சாயல் கொண்ட மூன்று விலங்குகள், சேர்த்துவைத்ததில் வியப்பில்லை. 2005-இல் பாரிசைச் சேர்ந்த ரோப்பிக்கே, ஹசனின் என்ற இரு ஆய்வாளர்கள் மைட்டோகாண்ட்ரிய, உட்கரு வரிசைகள் இரண்டையும் படித்துப் பார்த்தபோது மூன்றும் மூன்று திசையில் போயின. இமயத்துத் தார் வெள்ளாட்டுக் கிளையோடு சேர்ந்தது. நம் வரையாடோ செம்மறிக் கிளைக்கு அருகில் போய் நின்றது. அரேபியத் தார் தனி வழி. இப்போது மூன்றும் தனித்தனிப் பேரினங்கள். நம்முடையது நீலகிரிட்ராகஸ் ஹைலோக்ரியஸ். அரேபியத் தாரின் பேரில் உள்ள ‘ஜெயகரி’, மஸ்கட்டில் பணியாற்றிய இந்திய மருத்துவர் ஆத்மாராம் ஜெயகரைக் குறிப்பது.

இதில் நான் முக்கியமாக நினைப்பது பெயர் மாற்றத்தை அல்ல. வரையாடு இனி மூன்றில் ஒன்று அல்ல; அந்தப் பேரினத்தில் உலகிலேயே வேறு எதுவும் இல்லை. நம் மலை உச்சிகளில் அது போய்விட்டால் ஒரு முழுக் கிளையும் போய்விடும்.

இன்னொன்று இடுக்கியில் கிடைத்த பன்றிமூக்குத் தவளை, நாசிகாபட்ராகஸ் சகியாத்ரென்சிஸ். ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்கடியிலேயே இருக்கும் இந்த ஊதாத் தவளையை 2003-இல் பிஜு, பொசுயித் என்ற ஆய்வாளர்கள் விவரித்தபோது, அதன் மைட்டோகாண்ட்ரிய, உட்கரு வரிசைகளுக்கு மிக அருகில் வந்தவை இந்தியாவின் வேறெந்தத் தவளையும் அல்ல. இந்தியப் பெருங்கடலுக்கு அப்பால் செஷல்ஸ் தீவுகளில் வாழும் சூக்ளோசிட் குடும்பத்துக் குட்டித் தவளைகள். இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலமாக இருந்த காலத்தின் உறவு அது.

10. என் சி.ஓ.1 வரிசை நடுவுல ஸ்டாப் கோடான் வருது. லேபுல சொதப்பிட்டாங்களா?

ஸ்டாப் கோடான் என்பது புரதம் இங்கே முடிகிறது என்னும் மூன்றெழுத்து நிறுத்தக்குறி. முதலில், எழுத்துகளைப் புரதமாக மாற்றும் எந்த மொழிபெயர்ப்பு அட்டவணையைப் பயன்படுத்தினீர்கள் என்று பாருங்கள். மைட்டோகாண்ட்ரியாவின் மரபுக்குறியீடு உட்கருவினுடையதிலிருந்து சற்று மாறுபடும். டி.ஜி.ஏ. உட்கருவில் நிறுத்தக்குறி, இங்கே அது டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம். முதுகெலும்பிகளுக்கு 2-ஆம் அட்டவணை, பூச்சி, நத்தை போன்றவற்றுக்கு 5, கடலட்டை, நட்சத்திர மீன் வகைக்கு 9. பாதிப் பேரின் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும். மரபணுவின் இறுதியில் முழு நிறுத்தக்குறி இல்லாமல் வெறும் ‘டி’ அல்லது ‘டி.ஏ.’ மட்டும் இருந்தால் கவலை வேண்டாம், ஆர்.என்.ஏ.வின் வாலில் ‘ஏ’க்கள் சேரும்போது அது நிறைவடையும்.

அட்டவணை சரியாக இருந்தும் நடுவில் நிறுத்தக்குறி வந்தால், உங்களிடம் இருப்பது மைட்டோகாண்ட்ரியாவே இல்லாமல் இருக்கலாம். வட்டத்தின் துண்டுகள் அவ்வப்போது உட்கருவுக்குள் ஒட்டிக்கொள்கின்றன. அங்கே அவற்றுக்கு வேலை இல்லாததால் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். இவற்றை நம்ட் என்பார்கள். வீட்டுப் பூனையின் உட்கருவில் கிட்டத்தட்ட 8,000 எழுத்து நீளமுள்ள துண்டு பல தடவை அடுக்கடுக்காக இருப்பதை 1994-இல் காட்டிய ஆய்வில்தான் இந்தப் பெயரே வந்தது. அதே 1994-இல், 8 கோடி ஆண்டு பழைய எலும்பிலிருந்து சைட்டோகுரோம்-பி கிடைத்துவிட்டது, டைனோசராக இருக்கலாம் என்று ஒரு கட்டுரை வந்து உலகமே பரபரத்தது. அடுத்த ஆண்டே அது மனித உட்கருவில் உள்ள ஒரு நம்ட் என்று தெரிந்தது. ஆய்வு செய்தவர்களின் பக்கமிருந்து ஒட்டிய அழுக்கு.

நிறுத்தக்குறி இல்லாத புதிய நம்ட்களும் உண்டு, அவைதான் ஆபத்து. சாங்கர் வரைபடத்தில் ஒரே இடத்தில் இரட்டை முகடுகள், உறவினங்களோடு ஒப்பிட்டால் புரதத்தில் தேவையில்லாத மாற்றங்கள் ஆகியவை எச்சரிக்கை மணிகள். முழு வட்டத்தையும் படிப்பதற்கு இதுவும் ஒரு நல்ல காரணம்: பெரும்பாலான நம்ட்கள் துண்டுகளே, வட்டமாக மூடாது.

11. செக்போஸ்ட்ல கறி பிடிக்கிறோம். ஆட்டுக்கறின்னு சொல்றான். சமைச்சதா இருந்தாலும் தெரியுமா? காட்டுப்பன்றியா நாட்டுப்பன்றியான்னு தெரியுமா?

சமைத்ததிலும் தெரியும். கொதிக்கும்போது டி.என்.ஏ. சிறு துண்டுகளாகிவிடும் என்பதால் 100, 200 எழுத்துள்ள குட்டித் துண்டைக் குறிவைப்பார்கள். ஐதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையமான சி.சி.எம்.பி.யில் லால்ஜி சிங்கும் சுனில் குமார் வர்மாவும் 2003-இல் வெளியிட்ட, எந்த முதுகெலும்பிக்கும் பொருந்தும் சைட்டோகுரோம்-பி பிரைமர்கள் இந்திய வன உயிரின வழக்குகளுக்குப் பெரிய துணை. புள்ளிமான், கடமான், ஆடு, மாடு, எருமை எல்லாம் ஐயமின்றிப் பிரியும். ‘ஹத்தா ஜோடி’ என்ற பெயரில் பூசைக்கு உதவும் வேர் என்று விற்கப்பட்டவை உடும்பின் காய்ந்த ஆணுறுப்புகள் என்று வெளிப்பட்டபோதும் இத்தகைய சோதனைகள் உதவின.

இரண்டாவது கேள்விக்குப் பதில் வேறு. காட்டுப்பன்றியும் வீட்டுப்பன்றியும் ஒரே சிற்றினம். வீட்டுப்பன்றி காட்டுப்பன்றியிலிருந்து வந்ததுதான். மைட்டோகாண்ட்ரியா மட்டும் பார்த்து நீதிமன்றத்தில் அடித்துச் சொல்ல முடியாது, உட்கருக் குறிகளும் வேண்டும். நாய்க்கும் ஓநாய்க்கும், நாட்டுக்கோழிக்கும் சிவப்புக் காட்டுக்கோழிக்கும் இதே சிக்கல். மாதிரி அனுப்பும்போதே, உங்களுக்கு எந்தச் சந்தேகம் தீர வேண்டும் என்று கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

12. எங்கட பக்கத்தில கடலட்டையை அனுமதியோட வளர்க்கினம். காய்ஞ்ச அட்டை என்ன இனம் எண்டு இந்த முறையால கண்டுபிடிக்கேலுமோ?

முடியும், அதுவும் மிகவும் பயன்படும் இடம் இது. குடலை எடுத்து, அவித்து, காயவைத்த பிறகு அட்டை சுருங்கிக் கறுத்து ஒன்றுபோலவே ஆகிவிடும். தோலில் உள்ள நுண்ணிய சுண்ணாம்புத் துணுக்குகளின் வடிவத்தை வைத்து இனம் பிரிப்பது பழைய முறை. ஆனால் வெள்ளை அட்டையை, அதாவது ஹோலோத்தூரியா ஸ்கேப்ராவை, பதப்படுத்தும்போது மேல் தோலைத் தேய்த்து நீக்குவார்கள்; துணுக்குகளில் பெரும்பகுதி அதோடு போய்விடும். உள்தசையில் மைட்டோகாண்ட்ரியா மிஞ்சியிருக்கும். 16எஸ், சி.ஓ.1 துண்டுகள் வழக்கமாகக் கிடைக்கின்றன. மொழிபெயர்க்கும்போது 10-இல் சொன்ன 9-ஆம் அட்டவணையை மறக்க வேண்டாம்.

இந்தியப் பக்கம் சட்டம் வேறு: 2001 முதல் எல்லாக் கடலட்டைகளும் வன உயிரினச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. மன்னார் வளைகுடாவில் பிடிபடும் சரக்கில், எந்த இனம் என்பதற்கு முன் அது கடலட்டைதானா என்பதை நிறுவினாலே வழக்கு நிற்கும். ஆனால் வளர்த்ததா, கடலில் பிடித்ததா என்பதை இனப்பெயர் சொல்லாது.

13. தாய் வழி மட்டும்தான்னா, கலப்பினத்தை எப்படிக் கண்டுபிடிக்கும்?

கண்டுபிடிக்காது. கோவேறு கழுதையின் தாய் குதிரை, தந்தை கழுதை. மைட்டோகாண்ட்ரியாவைக் கேட்டால் ‘குதிரை’ என்று தயங்காமல் சொல்லும். பிரேசிலில் இன்று கோடிக்கணக்கில் நிற்கும் நெலூர் மாடுகள் திமிலோடு அப்படியே நம் ஓங்கோல் சாயல். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றின் மைட்டோகாண்ட்ரியா ஐரோப்பிய மாட்டுடையது. இந்தியாவிலிருந்து முக்கியமாகக் காளைகள் போயின. அங்கிருந்த ஐரோப்பிய வம்சப் பசுக்களோடு தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தார்கள். உட்கரு மாறியது, தாய்க்கோடு மாறவில்லை.

காட்டிலும் இது நடக்கும். ஆப்பிரிக்கப் புல்வெளி யானைகள் சிலவற்றில் காட்டு யானையின் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது. எப்போதோ காட்டு யானைப் பெண்கள் பெரிய உடல்கொண்ட புல்வெளி ஆண்களோடு சேர்ந்ததன் தடயம் அது. மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் பார்த்திருந்தால் இரண்டும் ஒரே சிற்றினம் என்று முடிவு கட்டியிருப்போம். உட்கருவும் உடலமைப்பும் பிரிவைத் தெளிவாகக் காட்டியதால், 2021-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யூ.சி.என். இரண்டையும் தனித்தனிச் சிற்றினங்களாக மதிப்பிட்டது.

14. மைட்டோகாண்ட்ரியா ஒரு மரம் காட்டுது, உட்கரு வேற மரம் காட்டுது. யாரை நம்புறது?

இரண்டுமே உண்மையைத்தான் சொல்கின்றன. வேறுவேறு கதைகளின் உண்மையை. பனிக்கரடியின் மைட்டோகாண்ட்ரியாவைப் படித்தால் அது பழுப்புக்கரடிகளுக்கு நடுவே ஒரு கிளையாக, அலாஸ்காவின் சில தீவுக் கரடிகளுக்கு மிக அருகில் வரும். பனிக்கரடி அண்மையில் பழுப்புக்கரடியிலிருந்து கிளைத்தது என்று பல ஆண்டுகள் எழுதப்பட்டது இதை வைத்துத்தான். 2012-இல் உட்கரு வரிசைகள் வந்தபோது இரண்டும் பழைய, தனித்தனி வம்சங்கள் என்று தெரிந்தது. இடையில் கலப்பு நடந்து மைட்டோகாண்ட்ரியா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போயிருக்கிறது. சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த விரல் எலும்பும் அப்படியே: 2010 மார்ச்சில் வந்த மைட்டோகாண்ட்ரியா, அந்த எலும்புக்குரிய மனிதர்கள் நமக்கும், அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தாலுக்கும் வெளியே நிற்பவர்கள் என்றது; அதே ஆண்டு டிசம்பரில் வந்த உட்கரு, நியாண்டர்தாலின் சகோதரக் கிளை என்றது.

பூச்சி ஆய்வாளர்களுக்கு இன்னொரு காரணியும் உண்டு. வோல்பாக்கியா என்ற பாக்டீரியா முட்டை வழியாகத் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது. அது ஒரு கூட்டத்தில் பரவும்போது, அது தொற்றிய தாயின் மைட்டோகாண்ட்ரியாவையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். பிறகு பார்த்தால் கூட்டம் முழுக்க ஒரே வரிசை. வட்டம் எவ்வளவு நீளமானாலும் அது ஒன்றாகவே பரம்பரையாக வரும் ஒரே சாட்சி. 37 மரபணுவும் 37 சாட்சிகள் அல்ல. வகைப்பாட்டை மாற்றும் அளவுக்குப் பேசும் ஆய்வு எதுவும் உட்கருவையும் பார்த்திருக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. வரையாட்டு ஆய்வு நம்பத்தக்கதாக இருப்பதும் அதனால்தான்.

15. எல்லா விலங்குக்கும் இதே 37 மரபணு, இதே வட்டம்தானா?

முதுகெலும்பிகளில் ஏறக்குறைய ஆம். வெளியே போனால் விந்தைகள் பல. மனிதனின் பேனில் வட்டம் சுமார் 20 குட்டி வட்டங்களாக உடைந்து, ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் மூன்று மரபணுக்கள் மட்டும் இருக்கின்றன. ஜெல்லி மீன்களில் அது வட்டமே அல்ல, நேர்க்கோடு. சில கடல் மட்டிகளிலும் நன்னீர் மட்டிகளிலும் தாய் வழி ஒன்று, தந்தையிடமிருந்து மகன்களுக்கு மட்டும் போகும் வழி ஒன்று என இரண்டு உண்டு. இரண்டும் 20 சதவீதத்துக்கும் மேல் வேறுபடலாம். ஆண் மட்டியின் விந்துத் திசுவிலிருந்து மாதிரி எடுத்துவிட்டு புதுச் சிற்றினம் என்று குதிக்காதீர்கள். காலின் தசையிலிருந்து எடுங்கள்.

சால்மன் மீனின் தசையில் ஒட்டுண்ணியாக வாழும் ஹென்னகுயா சால்மினிகோலா என்ற நுண்ணிய விலங்கில் இந்த மரபணுத்தொகையே இல்லை என்று 2020-இல் வெளியானது. ஆக்சிஜன் இல்லாத சூழலில் அதற்குத் தேவைப்படவில்லை.

16. ஒரு பாட்டில் தண்ணிய வச்சே ஏரியில என்ன மீன் இருக்குன்னு சொல்றாங்களாமே, நிஜமா?

நிஜம். மீன் உதிர்க்கும் சளி, செதில், கழிவு ஆகியவற்றில் உள்ள டி.என்.ஏ. தண்ணீரில் கொஞ்ச நாள் இருக்கும். நீரை வடிகட்டி, 12எஸ் மரபணுவில் சுமார் 170 எழுத்துள்ள துண்டைப் பெருக்கி, எல்லாவற்றையும் ஒன்றாகப் படிப்பார்கள். 2015-இல் மசாகி மியா குழுவினர் மைஃபிஷ் என்ற பிரைமர்களை வெளியிட்டபோது, என்னென்ன மீன் இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்த ஒகினாவா மீன்காட்சியகத் தொட்டிகளில் சோதித்துப் பார்த்தார்கள். பெரும்பாலான இனங்கள் சிக்கின.

இரண்டு விஷயங்களை மனதில் வைக்க வேண்டும். மீன் அங்கே இப்போது உயிரோடு இருக்கிறது என்பதற்கு இது சான்றல்ல. மேலே உள்ள சந்தைக் கழிவு ஓடி வந்தாலும் டி.என்.ஏ. வரும். மற்றது, 7-ஆம் பதிலில் சொன்ன சேமிப்பகப் பிரச்சினை இங்கே இரட்டிப்பு. ஒப்பிட வரிசை இல்லாத ஆற்று மீன்கள் தம் பெயரில் பட்டியலில் வரவே வராது. காவிரியிலும் தாமிரபரணியிலும் இருக்கும் சின்னச்சின்ன கெண்டை, அயிரை வகைகளுக்கெல்லாம் மாதிரி எண்ணோடு முழு வட்டம் வெளியிடுவது, பெயரும் புகழும் தராத ஆனால் மிகவும் தேவையான வேலை. முதுகலைத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

17. வரிசை புதுசா இருந்தா புதுச் சிற்றினம்னு பேர் வச்சிடலாமா?

பெயர் வைப்பதற்கு விலங்கியல் பெயரிடல் விதிகள் உண்டு. வரிசை மட்டும் போதாது. இதர இனங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்ற விளக்கமும், பெயரைத் தாங்கும் வகை மாதிரியும் வேண்டும். பிறருக்கு அந்த மாதிரி பார்க்கக் கிடைக்க வேண்டும். நல்ல முன்மாதிரி, 9-இல் சொன்ன தவளையின் உறவு. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், திருவில்லிபுத்தூர்ப் பகுதியில் கிடைத்த பன்றிமூக்குத் தவளையை 2017-இல் தனிச் சிற்றினமாக விவரித்து, கோயம்புத்தூரில் பறவையியல், இயற்கை வரலாற்று ஆய்வு நடக்கும் சாகோன் நிறுவனத்தில் பணியாற்றிய பூபதியின் நினைவாக நாசிகாபட்ராகஸ் பூபதி என்று பெயர் வைத்தார்கள். மைட்டோகாண்ட்ரிய வேறுபாட்டோடு உடலமைப்பையும் சேர்த்தே காட்டினார்கள்.

18. தவளையோட விரல் நுனியை மட்டும் வெட்டி வெளிநாட்டு லேபுக்குக் கூரியர் பண்ணிடலாமா? தவளை சாகாதே.

கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் பட்டியலில் உள்ள விலங்கானால் தொடுவதற்கே அனுமதி வேண்டும். காப்புக்காட்டுக்குள் எந்த விலங்கானாலும் வனத்துறை அனுமதி வேண்டும். மாதிரியை நாட்டுக்கு வெளியே அனுப்புவது உயிரியல் பல்வகைமைச் சட்டம் 2002-இன் கீழ் வருகிறது. அதற்கான தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அலுவலகம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. வரிசைப்படுத்தும் வசதி நாட்டிலேயே பல இடங்களில் இருப்பதால் பெரும்பாலும் அனுப்ப வேண்டிய தேவையும் இல்லை. அனுமதிக் கடிதத்தின் எண்ணைக் களக் குறிப்பேட்டில் மாதிரி எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். கட்டுரையை அனுப்பும்போது இதழ்க்காரர்கள் கேட்பார்கள்.